நாற்பது பேரோடு வந்த கண்டக்டர்

காலைப் பெரட்டில் ஆள் கணக்குக் கொடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, ஆபீஸ் கிளார்க்கான கிராணி ஞானசுந்தரம் வாயைத் திறந்தார்.

"சனிக்கிழம கோலாலம்பூர்லேருந்து கெஸ்ட் கண்டக்டர் வர்றாங்க. கூடவே நாப்பது பேரு. துரைக்கு ஈமெயில் வந்திருக்கு."

'கண்டக்டர்' என்று காதில் விழுந்ததும் சசிரேகா ஆட்களை எண்ணுவதை நிறுத்தினாள். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் தேயிலைக் காட்டில் ஆட்களை வேலை வாங்குபவர். ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தில் எட்டு மாதமாக அந்த வேலையைப் பார்ப்பது அவள்தான், 'ஆக்டிங்' என்ற ஒட்டுவாலோடு. வேலையை நிரந்தரமாக்குங்கள் என்று தோட்ட மானேஜரான துரை ராதாகிருஷ்ணனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது வேறு ஆளே வரப்போகிறது, சொந்தக் கூட்டத்தோடு. விடுவதா?

சனிக்கிழமை மதியம் காரிலிருந்து கறுப்பு ஜாக்கெட் போட்ட ஒரு பெண் இறங்கினாள். கூட்டம் பின்னால் பஸ்ஸில் வருகிறதாம்.

"நீங்கதானே கண்டக்டர்?" என்றாள் சசிரேகா.

"ஆமாக்கா. பேரு ஃபியோனா."

"வாங்க, காட்டப் பாத்துட்டு வருவோம்."

தோட்டத்திலேயே செங்குத்தான ஏழாம் நம்பர் மலைக்குத்தான் கூட்டிப்போனாள். விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று நினைத்து ஃபியோனாவும் பளபளக்கும் சப்பாத்தோடு ஏறினாள் பாவம். பாதியிலேயே மூச்சு வாங்கி, ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கே இப்படியா? அப்புறம் நாப்பது பேர எப்படிலா வேல வாங்குவீங்க?"

"அவங்க உக்காந்துதானேக்கா வேல செய்வாங்க!"

"உக்காந்துகிட்டா? தேயிலக் கொழுந்தையா பறிப்பாங்க?"

"கொழுந்தா? வயலின்க்கா!"

ஃபியோனா காற்றிலேயே வில்லை இழுத்துக் காட்டினாள். சாயங்காலம் ஃபேக்டரி ஹாலில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. பியானோ வாசிப்பதும், ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரும் அவள்தான். கிராணி கச்சேரியையும் பியானோவையும் விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் அறிவித்திருக்கிறார்! சசிரேகாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏன் மலையேற்றினாள் என்பதையும் எட்டு மாதக் கதையையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். ஃபியோனா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சாயங்காலம் அவள் இரண்டு கையாலும் பியானோ வாசித்துக்கொண்டே, தலையை ஆட்டியும் புருவத்தைத் தூக்கியும் நாற்பது பேரையும் நடத்தினாள். ஒரு அதட்டல் கிடையாது. காட்டில் தன் கீழ் வேலை செய்யும் பன்னிரண்டு பேரைத் திரும்பிப் பார்க்கவைக்கவே தொண்டை கிழியக் கத்துகிற சசிரேகா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பயம் விட்டுப்போன சந்தோஷத்தில் யாரும் தட்டாத இடத்திலெல்லாம் கைதட்டினாள்.

கச்சேரி முடிந்ததும் துரை அவளை ஃபியோனாவிடம் அறிமுகம் செய்தார். "இவங்க சசிரேகா. எங்க ஆக்டிங் கண்டக்டர்."

"ஆக்டிங்கா?" ஃபியோனா கண்ணை விரித்தாள். "மத்தியானம் என்னைய மலையேத்துனாங்களே சார், நடிப்பு மாதிரியே தெரியலையே!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். துரைக்கு அசடு வழிந்தது. "சரி, சரி. அடுத்த வாரம் பெர்மனன்ட் லெட்டர் குடுத்துடலாம்."

சசிரேகா துரையை நேராகப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் எதுக்குங்க துரை? கிராணி இங்கதானே நிக்கிறாரு. லெட்டர இப்பவே டைப் அடிக்கச் சொல்லுங்க."