கடைசிக்குத் தள்ளிய பாடம்

வில்லியனூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவந்தாள் கிரேஸ் மேரி. புருஷன் காலமானபின் மகள் பிலோமினாவோடு அண்ணன் பாஸ்கல் வீட்டில் ஒண்டியிருந்தாள். ஆடியில் பிரெஞ்சு சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

கோடை தொடங்குமுன்பே அவள் திட்டம் போட்டுவிட்டாள். விடியலில் கணக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூகோளமும் சரித்திரமும். பிரெஞ்சுச் சொல்வதெழுதுதலை மட்டும் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளினாள். அதற்கு யாராவது வாசிக்க வேண்டும். வீட்டில் அவளைத் தவிர பிரெஞ்சு தெரிந்தவன் பாஸ்கல்தான்; அவனோ புதுச்சேரி ஆலையிலிருந்து துவண்டு வருகிறவன். இப்படித் தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு அதுதான் பயம். ஐந்து பிழை வந்தால் மதிப்பெண்ணில் சுழி போட்டுவிடுவார்கள். கணக்கு இனித்தது. தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சரித்திரம் பாதியில் நின்றது.

கடைசி இரண்டு வாரம் பிறந்ததும் பிலோமினாவுக்கு மணல்வாரி அம்மை கண்டது. குழந்தை அவள் கழுத்தை விடவில்லை.

"வாசிண்ணே" என்றாள், மகளை மடியில் போட்டுக்கொண்டு.

பாஸ்கல் வாசற்படியில் நின்று வாசித்தான். குழந்தையின் முனகலில் பாதிச் சொல் காதில் விழவில்லை. முழங்காலில் வைத்திருந்த பலகை சரிந்தது. ஏழு பிழை.

அண்ணி மதலேனாளுக்குப் பொறுக்கவில்லை. "புள்ள அனலா கொதிக்குது. இப்ப இன்னாடி எழுத்து?"

"இத்த வுட்டா எனக்கு வேற நாளு இல்ல அண்ணி."

இந்தக் காய்ச்சல் பரீட்சை முடிந்து வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். இப்படி நினைத்தது தான்தானா என்று கூசினாள். ஆனாலும் காய்ச்சல் தணிந்த மறுநாளே குழந்தையை அண்ணியிடம் விட்டுவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரித்திரத்தை மூட்டை கட்டிவைத்தாள். ராத்திரியில் பாஸ்கல் கண் சொக்கச் சொக்க வாசித்தான். பிழை ஆறானது, ஐந்தானது. வெளியே மகள் அழும்போதெல்லாம் எழுத்தைப் பலகையில் அழுத்தி எழுதினாள்.

புதுச்சேரியில் நடந்த பரீட்சையில் சொல்வதெழுதுதலில் தப்பித்தாள்: நான்கே பிழை. மறுநாள் வாய்மொழிக் கேள்வி. கிழவர் ஒருவர் சரித்திரத்திலிருந்து ஏதோ ஓர் உடன்படிக்கையைப் பற்றிக் கேட்டார். பெயர் மட்டும் எங்கோ படித்த ஞாபகம். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அவள் அந்தப் பெயரையே திருப்பிச் சொன்னாள். மாலையில் தேறினவர்களின் பெயர்களை வாசித்தபோது அவள் பெயர் வரவில்லை. ஐப்பசியில் இன்னொரு தவணை உண்டு, அதுவரை வேலையில் இருக்கலாம் என்றார்கள்.

ரயிலிறங்கி வீட்டுக்கு வந்து மகளை நோக்கிக் கை நீட்டினாள். பிலோமினா மதலேனாளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"கொஞ்ச நாளு உங்கிட்ட இல்லல்ல, அதான். வந்துரும்" என்றாள் மதலேனாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கிரேஸ் மேரிக்கு வலித்தது.

சோறு உண்ணும்போது பாஸ்கல் மெல்லக் கேட்டான்: "மறுபடியும் எழுதுவியா?"

"எழுதுவேன். நாளைலேர்ந்தே நீ வாசி, தெனம் கொஞ்சம். சரித்திரத்தையும் நாளைக்கே எடுக்கிறேன்." மதலேனாளின் மடியிலிருந்த மகளைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம மட்டும் எனக்குப் படிப்பு வேணாம்ணே."

அன்றிரவும் குழந்தை மதலேனாளின் பாயில்தான் படுத்தது.