ஆபரேட்டர் பெயரில் ஒரு ஃபைல்

மூக்கண்டப்பள்ளி ஷெட்டில் அந்த பிரஸ் மிஷினைச் சுற்றித் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். முந்தின நாள் அதில் வேலை செய்த மாதேஸ்வரியின் விரல்கள் நசுங்கியது அங்கேதான்.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அந்த விதி எழுதிய ஃபைலை, ரூட் என்கிற தலைமைக் கணக்கைத் தவிர யாரும் தொடக்கூடாது. மிஷினுக்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளைத் தயாரித்துக் கொடுத்தவன் தங்கமணி.

“ஒத்தக் கைல ஓட்டுனா பீஸ் ஜாஸ்தி வருதுன்னு மாத்தினோம் சார்,” என்றார் சூப்பர்வைசர் ஆஞ்சப்பன். “எதையும் ஒடைக்கல. ஆபரேட்டர் லாகின்லயே மாத்த உட்டுது.”

“உடாதுங்க,” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தங்கமணி லேப்டாப்பை இணைத்து, ஃபைலின் உரிமையாளர் யாரென்று பார்த்தான். ஆபரேட்டர் என்றிருந்தது.

லினக்ஸுக்கு உரிமையாளர் என்பது வெறும் எண். அவன் கம்ப்யூட்டரில் உருவான ஃபைல்களில் அவன் எண்தான் இருக்கும். மிஷினில் ஏற்றுமுன் எல்லாவற்றையும் ரூட்டுக்கு மாற்ற வேண்டும். டெலிவரி அவசரத்தில் மாற்றவில்லை. அதே எண் இந்த மிஷினில் ஆபரேட்டருடையது.

“அப்ப யாரு சார் எங்களுக்குத் தொறந்து உட்டது?” என்றார் ஆஞ்சப்பன்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதே ஃபைலைப் பார்த்தால், அந்த இடத்தில் தங்கமணியின் பெயர் இருக்கும்.