பெரிய தெரு வழியாக

ஆவடிக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் மாதா கோயில் ஒன்றுதான். கல்லறைக்குப் போகும் வழி இரண்டு. பெரிய தெருக்காரர்களின் சவப்பெட்டி தெரு வழியாகப் போகும். காலனிக்காரர்களின் பெட்டி ஏரிச் சேற்றில் இறங்கித்தான் போக வேண்டும். 1988 மழையில் ஜெயசீலியின் அம்மாவைத் தூக்கிப் போனவர்கள் வழுக்கி விழுந்தார்கள். பெட்டி திறந்துகொண்டது.

அன்றிலிருந்து ஜெயசீலி ஓயவில்லை. பகலில் ராணுவச் சீருடை தைக்கும் வேலை. சாயங்காலம் ஆள் சேர்க்க வீடு வீடாகப் போவாள். யாருக்கு என்ன பயம் என்று அவளுக்குத்தான் தெரியும். பூந்தமல்லி வக்கீலைப் பிடித்ததும் பெரிய தெரு வழியாக ஊர்வலம் போக அனுமதி வாங்கியதும் அவள்தான். மேடையில் பேசியது இயக்கத் தலைவர் பிரகாசம். நோட்டீசில் தன் பெயர் வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள்.

ஊர்வலத்துக்கு வர அண்ணன் ஜெயபால் தயங்கினான். அவனுக்குப் பெரிய தெருக்காரர் அரிசி மில்லில் வேலை.

"நீயே வரலன்னா நான் யார் ஊட்டு வாசல்ல போய் நிக்கறதுண்ணா?"

"போலீசு வருமா?"

"வரும். ஒண்ணும் ஆவாது. நீ நடுவுல நட, போதும்."

நடுவில்தான் நடந்தான். ஒரு மாடியிலிருந்து பறந்து வந்த கல் அவன் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழிக்காமலே செத்துப்போனான்.

தெருவைத் திறக்காமல் உடலை வாங்க மாட்டோம் என்று காலனியே உட்கார்ந்தது. அதை ஏற்பாடு செய்தது பிரகாசம். ஜெயசீலி சவக்கிடங்கு வாசலில் தரையில் சுருண்டு கிடந்தாள். கலெக்டர் உத்தரவு வந்தது. பெரிய தெருவில் போன முதல் காலனிப் பெட்டி ஜெயபாலுடையது. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. கல்லறை வாசலில் பிரகாசம் இதை வெற்றி என்றார். கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜெயசீலி அண்ணி ஞானகுமாரியின் கையைப் பிடித்தாள். அண்ணி உதறிவிட்டாள்.

"சேத்துலயே போயிருக்கலாம் சீலி. உங்கண்ணன் வயசாயி, கெய்வனாயி, மெதுவா போயிருப்பாரு."



சில மாதங்கள் கழித்துப் பிரகாசம் வந்தார். வேறோர் ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி கிளாஸ் வைக்கிறார்கள், ஆள் திரட்ட வேண்டும் என்றார்.

"நான் வரேண்ணே. ஆனா இனிமே யாரையும் வான்னு கூப்ட மாட்டேன்."

சொன்னபடியே போனாள். கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் பிரகாசம் மெல்லச் சொன்னார்: "நீ போய் கூப்ட்டிருந்தா வந்திருப்பாங்கம்மா."

"வந்திருப்பாங்க" என்றாள் ஜெயசீலி. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆவடி வரும்வரை அழுதாள்.