சொசைட்டி கம்ப்யூட்டரில் இரண்டு ஜாவா

"என் லேப்டாப்புல ஓடுதுங்க ஐயா" என்று கலையரசி நாலாவது முறையாகச் சொன்னாள்.

"உன் லேப்டாப்புல ஓடட்டும்மா. நான் எங்க தறிமேல உன் லேப்டாப்பையா கட்டித் தொங்க வுட முடியும்?" என்றார் வீரபாகு.

நெசவாளர் சொசைட்டிக்குத் தலைவர் அவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இந்த வாலாஜாபாத் பெண்ணைப் பார்த்த முதல் நாளே அவருக்குப் பிடிக்கவில்லை. கூட்டி வந்தவன் திருஞானசம்பந்தம் என்பதே போதுமானதாக இருந்தது. சம்பந்தம் சொசைட்டி டைரக்டர்களில் ஒருவன். தலைவர் நாற்காலிமேல் மூன்று வருஷமாகக் கண்.

கலையரசி எழுதிய புரோகிராமின் வேலை இதுதான்: கட்டம் கட்டமாக வரைந்த சேலைப் புட்டாவையும் பார்டரையும், தறிமேல் இருந்து இழைகளைத் தூக்கி டிசைன் போடுகிற எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்குப் புரிகிற ஃபைலாக மாற்ற வேண்டும். வீரபாகு அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வெளியே எங்கேயோ செய்து எடுத்து வருவதை வாங்க மாட்டார். சொசைட்டி கம்ப்யூட்டரிலேயே பில்ட் பண்ண வேண்டும், அதாவது புரோகிராமை ஓடுகிற நிலைக்குத் தயார் செய்ய வேண்டும்; இங்கேயே நாற்பத்து மூன்று டெஸ்ட்டும் தேற வேண்டும். தேறாவிட்டால் ஃபைல் தறிக்குப் போகாது.

போன புதன்கிழமை அவர் கண்ணெதிரே நாற்பத்து மூன்றும் பச்சை காட்டின. திங்கட்கிழமை புது டிசைனைப் போட்டபோது பில்ட் ஆனது, டெஸ்ட் ஒன்றுகூடத் தேறவில்லை. கலையரசி போனில், "என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். "சிவப்பா இருக்குது" என்று சொல்லி வீரபாகு போனை வைத்துவிட்டார். அறையையும் பூட்டிவிட்டார். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் வேலையில் லீவு கிடைத்தது இன்று வியாழக்கிழமைதான். நான்கு நாளாகப் பன்னிரண்டு தறி சும்மா நிற்கிறது.

சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம். தறி நின்றது புரோகிராமால் என்றால் இவளை அனுப்பிவிடலாம். தலைவரால் என்றால் நாற்காலி போய்விடும். தலைவரை மாற்றச் சொல்லி, சம்பந்தம் உறுப்பினர்களிடம் முன்னாடியே கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறான். இப்போது மணி மூன்று.

"இன்னா மாமா, பொண்ணை உள்ள வுட்டீங்களா, இல்ல வாசல்லியே நிக்க வெச்சிங்களா?" என்று கேட்டுக்கொண்டே சம்பந்தம் வந்து நின்றான்.

"வந்துட்டியா? நாலு மணிக்குத்தான கூட்டம். அதுக்குள்ள இன்னா அவசரம், நாற்காலி ஓடிப்பூடுமா?"

கலையரசி இருவரையும் கவனிக்கவில்லை. திரையில் இருந்த சிவப்பு வரியில் விரலை வைத்தாள்.

"இது புரோகிராம் தப்பில்லீங்க. புரோகிராமை ஓட்டற ஜாவா இதுல ரெண்டு இருக்குது. பில்ட் பண்றது ஜாவா பதினேழு. டெஸ்ட்டை ஓட்டறது ஜாவா எட்டு. புதுசுல செஞ்சதைப் பழசுக்குப் படிக்கத் தெரியாது. ஆரம்பிக்கும்போதே வுழுந்துடுது."

"போன வாரம் மட்டும் எப்படிப் படிச்சுது? ஏதோ கண்கட்டு காட்டிட்டுப் போயிட்டே."

"போன வாரம் டெஸ்ட் ஓட்டும்போது எட்டு இந்த மிஷின்ல இல்லீங்க. புதன்கிழமை நான்தான் அதை எடுத்துட்டேன். இப்ப திரும்ப இருக்குது. புதுசுக்கு முன்னாடி நிக்குது. 'ஜாவா'ன்னு கூப்பிட்டா அதுதான் முதல்ல வருது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாராச்சும் இதைத் தொட்டாங்களா?"

"யாரும் தொடலை."

சட்டென்று சொல்லிவிட்டார். தொட்டவர் அவர்தான். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலான பாவு, பழையது தீர்ந்தால் யாரும் அதை உருவி எறிவதில்லை. அதன் முனையைத் தறியிலேயே விட்டு, புதுப் பாவை அதோடு இழை இழையாகப் பிணைத்துத்தான் இழுப்பார்கள். உருவிவிட்டால் தறி மொட்டை. மறுபடி ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். புதன்கிழமை இவள் பழசை நீக்கியதைப் பார்த்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனைக் கூட்டி வந்து, "புடுங்கினதைத் திரும்ப வெச்சுடு" என்றார். புதுசுக்கு அது பிணையாக இருக்கும் என்று நினைத்தார்.

"தேதி இருக்குதுங்க. போன வியாழக்கிழமை, பதினொண்ணு இருபது" என்றாள் கலையரசி.

சம்பந்தம் சிரித்தான். "சாவி யாருகிட்ட இருந்துது மாமா?"

கடைக்காரன்மேல் போட்டுவிடலாம். அவன் தானாக வந்து செய்தான் என்று சொன்னால் நாலு பேராவது நம்புவார்கள். இந்தப் பெண்தான் புதன்கிழமையே அரைகுறையாக விட்டுப்போனாள் என்றும் சொல்லலாம். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டத்தான்டா. நான்தான் கடைக்காரனைக் கூப்புட்டுத் திரும்ப வெக்கச் சொன்னேன். இன்னா இப்ப?"

"தொடலைன்னீங்களே!"

"பொய் சொன்னேன். போதுமா?" அவர் கலையரசி பக்கம் திரும்பினார். "நீ மட்டும் யோக்கியமா? எங்க மிஷின்ல இருந்ததை எடுத்தியே, ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கேக்கலீங்க."

"ஏன் கேக்கலை? இந்தக் கெயவனுக்கு இன்னா தெரியும்னுதான?"

"ஆமாங்க" என்றாள் பட்டென்று. "ஆனா கேட்டிருந்தா எடுக்க வுட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

வீரபாகு கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு அவர் சொன்னார்: "இப்ப எடு."

அவள் பழசை நீக்கினாள். பில்ட் ஓடியது. பச்சை ஒவ்வொன்றாக இறங்கியது. வீரபாகு வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பத்து மூன்று. நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார். மறுபடியும் நாற்பத்து மூன்று.

"தறி ஏன் நின்னுதுன்னு கூட்டத்துல எழுதித் தரணும். இன்னா எழுதறது?" என்று கலையரசி கேட்டாள்.

"நடந்ததை எழுது. என் பேரைப் போடு. நீ கேக்காம எடுத்ததையும் சேத்து எழுது. ஒண்ணை வுட்டாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் இரண்டையும் எழுதினாள். அவர் எழுத்துக் கூட்டி வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஃபைலைத் தறிக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு சம்பந்தத்தைப் பார்த்தார்.

"வாடா கூட்டத்துக்கு. உன் கையெழுத்துக் காகிதத்தையும் எடுத்துக்கினு வா."