ராத்திரி டியூட்டிக்கு ஆள் வரவில்லை

வெயில் சாய்ந்தால் போதும், மாமியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். மாப்பிள்ளைக்கு அப்போதே கைவேலை ஓடாது. மனைவி கடை வேலை முடிந்து வரும்வரை வீட்டில் இவர்கள் இருவர்தான்.

மாப்பிள்ளை பழைய ஃபிரிட்ஜ்களை வாங்கிவந்து முன்னறையிலேயே பழுது பார்ப்பவர். தெருவில் அவருக்கு ஃபிரிட்ஜ்காரர் என்றே பெயர். எந்த மிஷின் எங்கே மக்கர் பண்ணுகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். மாமியார் விஷயத்தில்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காலையில் "மாப்ளே" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். மதியம் அதே மனிதரை வார்டு பையனாக்கி, "அந்த ஸ்டூலை ஓரமாப் போடுப்பா" என்று அதட்டுவார். ஒருநாள் பெரிய டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றார். அன்று முழுக்க மாப்பிள்ளை கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாமியார் தலை நரைக்கும்வரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மறதி நோய் வந்து வீடு, வயசு, கணவர் இறந்துபோனது எல்லாம் கலைந்த பிறகும் வார்டு மட்டும் கலையாமல் இருந்தது.

போன வாரம் மாப்பிள்ளை பின்பக்கம் குழாயை மூடப் போன நேரத்தில் அவர் வெளியே போய்விட்டார். தேடாத இடமில்லை. கடைசியில் பஸ் ஸ்டாப்பில் கிடைத்தார். "எந்த பஸ்லயும் ஏறலைங்க. இறங்குறவங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க" என்றார் அங்கே கடை வைத்திருப்பவர். பதற்றத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. மச்சான் போனில் குதித்தார். "இன்னொரு தடவை அம்மா வெளிய போனா முதியோர் இல்லத்துல சேர்த்துட வேண்டியதுதான். இடம்கூடச் சொல்லி வெச்சாச்சு."

மாப்பிள்ளைக்கு மாமியாரைப் பிடிக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் அதுதான் உண்மை. கிரீஸ் கையோடு பெண் கேட்டு வந்து நின்றவரை வீடே முறைத்தபோது, "கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க" என்று உள்ளே கூப்பிட்டவர் இவர்தான். அவரை எங்கேயோ விட்டுவிட்டு வந்தால் இந்த வீட்டில் சோறு எப்படி இறங்கும்? அதனால் வாசல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கும் பொழுது சாய்ந்தது, கைப்பை தோளில் ஏறியது.

"கதவைத் திறப்பா. டியூட்டி முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. நான் வீட்டுக்குப் போகணும்."

"இதுதான் அத்தை நம்ம வீடு."

"ஆஸ்பத்திரியைப் போய் வீடுங்கிறியே. உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மாப்பிள்ளை டிவி போட்டுப் பார்த்தார். டீ போட்டுக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மாமியார் கதவைத் தட்டத் தொடங்கினார். "இத்தனை பேஷன்ட் இருக்காங்க, என்னைப் பூட்டி வெச்சிருக்கியே! ஒருத்தரும் வரமாட்டீங்களா?" என்று கத்தினார். போக வேண்டும் என்கிறார், பேஷன்ட் இருக்கிறார்கள் என்கிறார், யாராவது வாருங்கள் என்கிறார். எதைத்தான் செய்வது? மாப்பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், சாவியை எடுத்துக் கதவை விரியத் திறந்துவிட்டார்.

"போங்க அத்தை! போய்த்தான் பாருங்க!"

சொல்லி முடிப்பதற்குள் மச்சானின் குரல் காதுக்குள் கேட்டது. 

மாமியார் நகரவில்லை. வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"அது எப்படிப்பா போறது? ராத்திரி டியூட்டிக்கு ஆள் வரலையே."

மாப்பிள்ளை பேந்தப் பேந்த விழித்தார். அப்புறம்தான் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மாமியார் பஸ் ஏறப் போகவில்லை. வந்து இறங்க வேண்டிய ஆளைத் தேடித்தான் போயிருக்கிறார். அடுத்த நர்ஸ் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் வார்டை விட்டு நகரக் கூடாது. சின்ன வயதில், மாற்று ஆள் வராமல் லேட்டாகும் அம்மாவுக்காக எத்தனையோ நாள் ஜன்னலோரம் காத்திருந்த கதையை மனைவி சொல்லிச் சொல்லி அலுத்ததில்லை.

மாப்பிள்ளை சட்டென்று வெளியே இறங்கினார். கேட்வரை போய்த் திரும்பி, ஓடிவந்தவர் மாதிரி மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர். பஸ் லேட்டாயிடுச்சு."

மாமியாரின் முகம் தளர்ந்தது. "இப்பவாவது வந்தியே. முதல்ல கையைக் கழுவு. என்ன இது, ஒரே கிரீஸ்!"

கழுவிவிட்டு வந்தார். மாமியார் அவரை வரிசையாக அழைத்துப் போனார். ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜைத் தொட்டு, "இவருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, ஜில்லுன்னு இருக்காரு" என்றார். பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "இவருக்கு ஆபரேஷன் பாதியில நிக்குது. எவன் இப்படித் திறந்து போட்டுட்டுப் போனான்னே தெரியல." மாப்பிள்ளை தன் ஸ்க்ரூடிரைவரைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டார்.

கடைசியாக மாமியார் தன் அறை வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க ஒரு அம்மா இருக்காங்க. வயசானவங்க. ஒண்ணும் நினைவுல நிக்காது, பாவம். சாயங்காலமானா வீட்டுக்குப் போகணும்னு அழுவாங்க. திட்டாதே. கதவைப் பூட்டிடாதே, ரொம்பப் பயந்துடுவாங்க. பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே போதும்."

கட்டில் காலியாகத்தான் இருந்தது. மடித்து வைத்த போர்வையையும் மாமியாரையும் மாப்பிள்ளை மாறி மாறிப் பார்த்தார். இவருக்குத் தெரிகிறதா, தெரியவில்லையா?

"சரி சிஸ்டர். நான் பார்த்துக்கறேன்."

"அப்ப நான் கிளம்பறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, திறந்த கதவு வழியாக மாமியார் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

இதை மாப்பிள்ளை யோசித்தே பார்க்கவில்லை. பொறுப்பை வாங்கிக்கொண்டால் அவர் போய்விடுவாரே! பின்னாலேயே ஓடலாமா? ஓடினால், வார்டை விட்டுவிட்டு வந்துவிட்டாயா என்று மறுபடியும் பதறுவாரே. கையைப் பிசைந்துகொண்டு படியிலேயே நின்றார்.

மாமியார் கேட்டைத் திறந்து தெருவில் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு படி இறங்கினார். மாமியார் திரும்பினார். விளக்கு எரியும் வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்ல நடந்து வந்து, கதவு திறந்தேதான் இருந்தது என்றாலும், காலிங் பெல்லை அழுத்தினார்.

"லேட்டாயிடுச்சு மாப்ளே" என்று கைப்பையை நீட்டினார். "ஆள் வந்து மாத்திவிட்டாத்தானே வர முடியும்."

"பரவாயில்லை அத்தை. வாங்க. உட்காருங்க." கைப்பையை வாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மாமியார் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். மாப்பிள்ளை கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"எங்க வார்டுல ஒரு அம்மா இருக்காங்க மாப்ளே. அவங்களை விட்டுட்டு வரத்தான் மனசே வரல."

"இப்ப அவங்களை யார் பார்த்துக்குறா அத்தை?"

"புதுசா ஒருத்தன் வந்திருக்கான். வேலை தெரியுமோ என்னவோ, கையெல்லாம் அழுக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா விட்டுட்டுப் போகமாட்டான்."