அற்புதத்திடம் இருந்த கிருமி

1959ஆம் ஆண்டு மாரியில், வன்னியின் சிறிய ஆசுபத்திரி ஒன்றில் பெண்கள் வார்ட்டில் புண்கள் ஆறாமல் போயின. சின்னக் காயத்தோடு வந்தவர்களுக்கும் சீழ் வைத்தது. பெனிசிலின் ஊசிக்கும் அது மசியவில்லை. டொக்டர் கதிர்காமநாதன் வேலையாட்கள் எல்லோருடைய மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

மறுமொழி வந்ததும் வார்ட்டுத் தாதியான அற்புதத்தை அவர் கூப்பிட்டார்.

"அதே கிருமி உம்மடை மூக்கிலையும் இருக்கு. உமக்கு ஒண்டும் செய்யாது. ஆனால் உம்மடை கையாலை மற்றவைக்குப் போகும். வீட்டை போய் நில்லும்."

அவளுக்கு வீடென்று இருந்தது முல்லைத்தீவில் தமையனுடைய வீடுதான். அங்கே பிறந்து பத்து நாளான பிள்ளை.

"பின் அறையிலை கிடக்கிற இரஞ்சிதத்துக்கு ஏற்கெனவே இந்தக் கிருமிதானே, ஐயா? அவவை மட்டும் நான் பாக்கிறன்."

டொக்டர் யோசித்துவிட்டு, அந்த அறையிலேயே தங்க வேண்டும், வார்ட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தார்.

இரஞ்சிதம் துணுக்காய்ப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரி. காலில் மண்வெட்டி பட்டு வந்தவள். சீழ் வைத்த பிறகு தனியாகப் போட்டிருந்தார்கள். அற்புதம் நாளுக்கு இரண்டு தரம் புண்ணைக் கழுவி மருந்து கட்டினாள். சவர்க்காரம் போட்டுப் போட்டு அவள் கைத்தோல் உரிந்தது. கூட இருந்து தேத்தண்ணீர் குடித்த தாதிமார் இப்போது முற்றத்துக்கு அப்பால் நின்றே கதைத்தார்கள்.

ஒருநாள், சாப்பாடு கொண்டுவந்த சூசையம்மா வாசலில் நின்று சொன்னாள்: "நீங்கள் இஞ்சாலை வந்தாப்பிறகு வார்ட்டிலை ஒருத்தருக்கும் புதிசாய்ச் சீழ் வைக்கேல்லை, மிஸி."

நல்ல செய்திதான். அற்புதம் சோற்றை மூடி வைத்தாள். அன்று பின்னேரம் மருந்துக் கட்டை அவிழ்க்கும்போது இரஞ்சிதத்திடம் சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு இது என்னட்டை இருந்துதான் வந்திருக்க வேணும்."

இரஞ்சிதம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாளும் மருந்து கட்டக் காலை மட்டும் நீட்டினாள். மூன்றாம் நாள் கேட்டாள்:

"உங்களுக்கு ஒரு நோவும் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் தெரியும், பாவம்."

அதன்பிறகு வயலைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் அவள் ஓயாமல் கதைத்தாள். ஐந்து கிழமையில் புண் மூடியது. கணவன் வீரகத்தி வண்டில் கொண்டுவந்தான். ஏறுமுன் இரஞ்சிதம் கேட்டாள்:

"நீங்களும் வெளிக்கிட ஏலாதோ, மிஸி?"

"கிருமி எனக்கு இன்னும் போகேல்லையாம். நீங்கள் போட்டு வாங்கோ."

வண்டில் போனபின் அற்புதம் விரிப்புகளை அவித்தாள், கட்டிலை லைசோலால் துடைத்தாள். வார்ட்டிலிருந்து "மிஸி!" என்று யாரோ கூப்பிட்டார்கள். அற்புதம் சட்டென்று வாசல்வரை போய்விட்டாள். அங்கே வேறொரு தாதி ஓடுவது தெரிந்தது. அற்புதம் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.