எட்டு மணித் தொலைபேசி

1

அன்று வாசலில் நின்றவர்கள் செலீன், அக்னெஸ். உள்ளே நான், மனைவி நல்லம்மா, மகள் நிருஷா. எதிர்வீட்டு யன்னலில் சிசிலி. வேறு ஒருவரும் இல்லை. எங்கள் ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, 2006 மாசி, ஒரு சனிக்கிழமை காலை. தாங்களும் பார்த்ததாக முருகன் கோவிலில் கதைக்கும் மற்றப் பதினைந்து பேரும் அன்று எங்கே நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பதினைந்து பேருக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். சொந்த வீட்டுக் கதையை 'நான்' என்று எழுதினால் வெட்கத்தில் முதுகு வளைந்துவிடும். ஆகவே இனி நான் 'அருமைராசா'.

2

சாக நினைக்கும் இளம் பிள்ளைகளோடு கதைத்து அவர்களைக் காப்பாற்றுவது நிருஷாவின் வேலை. வெளியில் யாரும் கேட்டால் அருமைராசா 'அரசாங்க உத்தியோகம்' என்பார். (அரசாங்கம் என்பது உண்மையில்லை. இருந்தாலும் அந்த வரியை வெட்ட மனமில்லை.)

அந்த மாசியில் அவள் பார்த்துவந்த பதினாறு வயதுப் பிள்ளையொன்று இறந்துபோனது. மறுநாளிலிருந்து காலை சரியாக எட்டு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. நிருஷா ஓடிப்போய் எடுப்பாள். "ஓம்... சாப்பிட்டன்... நித்திரை இல்லை." வைத்துவிடுவாள்.

ரொறன்ரோவிலிருந்து சம்பந்தம் பேசி வரும் நேரம். அருமைராசா சந்தேகப்பட்டார். முதலில், யாரோ ஒரு பொடியன் இவளை — (இந்த வசனத்தை முடிக்கமாட்டேன்.) பிறகு, அதைவிட மோசமாக: இவளே நோயாளியோ?

"ஆரது?"

"வேலையிடத்து அக்னெஸ், அப்பா. எங்கட தமிழ்ப் பிள்ளைதான்."

"பக்கத்து மேசைக்காரிக்கு நீ சாப்பிட்டது என்னத்துக்கு?"

"போன வருசம் அவளுக்கு நான் எடுத்தனான். அப்ப நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை."

3

ஐந்தாம் நாள். எட்டு மணி. நிருஷா குளியலறையில்.

இந்த இடத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். தொலைபேசி பழுதாயிருந்தது என்று ஒன்று. நல்லம்மா எடுத்து, விளங்காமல் வைத்துவிட்டாள் என்று ஒன்று. அதை நல்லம்மா வாசித்துவிட்டாள். "என்ர தலையில போடுறியளோ?" என்றாள். வெட்டினேன்.

அருமைராசாதான் எடுத்தார்.

"அவள் நல்லா இருக்கிறாள், பிள்ளை. இனி இஞ்ச எடுக்க வேண்டாம்."

அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. அவருக்கு அது தெரியாது. பார்த்துவந்த பிள்ளையை இழந்தவருக்கு, கூட வேலை செய்பவர் ஒருவர் ஏழு நாளும் தொலைபேசி எடுப்பார். மறுமொழி சொந்தக் குரலில் வரவேண்டும். 'நல்லா இருக்கிறாள்' என்று வேறொருவர் சொன்னால் இரண்டு பேர் நேரே போகவேண்டும். பெற்றோர் அப்படிச் சொல்லி, பிறகு சாவு விழுந்த வீடுகள் சிலதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

4

ஒன்பதாகுமுன் வாசல் மணி அடித்தது. அக்னெஸோடு வந்த வேலையிடத்துச் செலீன், பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னாள். கழுத்தில் அலுவலக அட்டை, எதிர்வீட்டுக்கும் தெரியும்படி.

"நிருஷாவைப் பாக்கோணும், அங்கிள்," என்றாள் அக்னெஸ்.

"நான் சொன்னது காணாதோ?"

"காணாது."

அவருடைய வாசலில் நின்று அவருக்கு இப்படிச் சொன்னவர் அதுவரை ஒருவருமில்லை. அதற்குள் நிருஷா ஈரத் தலையோடு வந்துவிட்டாள். அக்னெஸ் பனிச் சப்பாத்தோடேயே உள்ளே வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். நிருஷா அழுதாள். அந்த ஐந்து நாளில், அப்பாவின் கண்ணுக்கு முன்னால், அதுதான் முதல் அழுகை.

5

முடிவா? அருமைராசா மன்னிப்புக் கேட்டார் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். கேட்கவில்லை, தேத்தண்ணி போடச் சொன்னார் என்று இன்னொன்று. ஆறாம் நாள் எட்டு மணிக்குத் தொலைபேசியைத் தானே எடுத்து மகளிடம் நீட்டினார் என்று மூன்றாவது. விரும்பியதை எடுங்கள்.

கோவிலில் உலாவும் வதந்தியை மட்டும் உங்கள் விருப்பத்துக்கு விடமாட்டேன். என் மகள் உயிரை விடப் பார்த்தாளாம், அலுவலகத்தார் ஓடிவந்து தடுத்தார்களாம். பிழை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வந்தது, அவளைக் கேளாமல், அவள் நல்லா இருக்கிறாள் என்று தொலைபேசியில் நான் சொன்னதால். அருமைராசா இல்லை, நான்.